மரைக்காயர் லாரியும் ‘சாலு’ என்ற சொல்லும்

சங்கத்து ஆண்டு மலருக்கு எழுதச் சொல்லி வீட்டுக்கு வந்த இரண்டு மெக்கானிக் தம்பிகளும் என் முழங்கால் வலியைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்கள்.

"அண்ணே, பழவேற்காட்டு மரைக்காயர் லாரிய நீங்கதான் ரேஸ் வண்டி கணக்கா ஓட வெச்சீங்களாமே. அது இன்னா வேலைண்ணே? சொல்லுங்க."

சொல்கிறேன். ஆனால் நீங்கள் கேட்டதைச் சொல்லி முடித்துவிட்டு, நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்வேன். முதலாவதை மட்டும் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புகிற ஆள் என் பட்டறையில் இருந்திருந்தால், அன்றைக்கே கையில் ஸ்பானரைக் கொடுத்து வேறு பட்டறை பார்க்கச் சொல்லியிருப்பேன்.

எழுபதுகளின் கடைசி வருஷங்கள். ஏரியில் இறால் பட்டுக்கொண்டிருந்த காலம். பழவேற்காட்டிலிருந்தும் ஆரம்பாக்கம் பக்கத்திலிருந்தும் இறால் லாரிகள் பட்டணத்து ஏற்றுமதிக் கம்பெனி வாசலுக்கு ஓடும். முதலில் போய் நிற்கிற வண்டிக்கு முதலில் கதவு திறப்பார்கள். பின்னால் நிற்கிற வண்டியில் ஐஸ் கரையும். ஐஸ் கரைந்தால் இறாலின் தலை கறுக்கும். தலை கறுத்த இறாலைக் கம்பெனிக்காரர் மூக்கைச் சுளித்துத் தள்ளிவிடுவார். அப்புறம் அது கருவாட்டுக்குத்தான். அதனால் எங்கள் பக்கம் லாரியின் வேகம் என்பது வாலிபப் பையன்களின் வேடிக்கை இல்லை. அதில்தான் ஒரு குப்பத்தின் ஒருநாள் பிழைப்பு இருந்தது.

மரைக்காயர் பழவேற்காட்டின் பழைய வியாபாரக் குடும்பம். முன்னோர்கள் கப்பல் வைத்திருந்தார்களாம். இவருக்கு மிஞ்சியது ஒரு லாரி. "எங்க பாட்டனாரு காத்த நம்பி ஓட்னாரு, நான் பெட்ரோல நம்பி ஓட்றேன். ரெண்டுமே நம்ம பேச்சு கேக்காது" என்று சிரிப்பார். அந்த லாரி உலகச் சண்டைக்காக ராணுவத்துக்கு வந்து, பிறகு ஏலத்தில் கை மாறி மாறி எங்கள் ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்த வண்டி. மூக்கு நீண்ட பெட்ரோல் லாரி. ஊரில் எல்லோரும் டீசலுக்கு மாறிக்கொண்டிருந்தபோது இவர் மட்டும் பெட்ரோலை விடவில்லை.

ஒருநாள் பட்டறைக்கு வந்து என் எதிரில் பெஞ்சில் உட்கார்ந்தார். "மேஸ்திரி, ஆரம்பாக்கத்து வண்டி தெனம் மீஞ்சூர் கேட்ல என்ன ஓவர்டேக் பண்ணிட்டுப் போறான். ஆரன் வேற அடிச்சிட்டுப் போறான். இன்னா பண்ணுவியோ, ஏது பண்ணுவியோ, அவன் என் பின்னாடி வரணும்" என்றார். ஆரனைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. இத்தனை வருஷத்தில் வண்டிக்காக அழுத முதலாளிகளைப் பார்த்திருக்கிறேன். ஆரனுக்காக அழ வந்தவர் அவர் ஒருவர்தான்.

செய்தேன். ஹெட்டைச் சீவினேன், கார்புரேட்டரை மாற்றினேன், சைலன்சர் குழாயை அகலப்படுத்தினேன். கடைசியாக இன்ஜினோடு சேர்ந்து சுழல்கிற கனத்த இரும்புச் சக்கரமான ஃப்ளைவீலைக் கழற்றிப் புதுப்பேட்டையில் கடைசல் பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சீவி எடை குறைத்தேன். எந்த அளவு, எந்த நம்பர் என்று இங்கே எழுதப் போவதில்லை. அந்த வண்டி இப்போது இல்லை, உங்கள் வண்டிக்கு அது பொருந்தாது. ஆக்சிலேட்டரில் கால் பட்டதும் இன்ஜின் சீறும். மீஞ்சூர் கேட்டில் ஆரம்பாக்கத்து வண்டி பின்னால் நின்றது. மரைக்காயர் அன்றைக்கு எனக்கு ஒரு கூடை இறால் அனுப்பினார். அந்த வேலையில் இன்றைக்கும் எவனும் குறை சொல்ல முடியாது.

ஆனால் ஃப்ளைவீலின் எடையைக் குறைத்தால் ஒன்று நடக்கும். வண்டி சாலையில் பறக்கும், ஊர்ந்துபோகச் சொன்னால் மட்டும் கேட்காது. கிளட்சை விடும்போது கொஞ்சம் பிசகினால் ஒன்று பாய்ந்துவிடும், இல்லை இன்ஜின் நின்றுவிடும். நடுவில் ஒன்றும் கிடையாது. இதை நான் மரைக்காயரிடமும் டிரைவரிடமும் சொல்லித்தான் வண்டியைக் கொடுத்தேன். டிரைவர் யூசுப் பாய் ஒரு வாரம் காலி வண்டியை வைத்துக்கொண்டு மைதானத்தில் முன்னும் பின்னும் ஊர்ந்து பழகினார். அந்தக் கிளட்ச் அவர் ஒருவர் காலுக்குத்தான் அடங்கியது. நானே ஓட்டினால் நாலு தரத்தில் ஒருதரம் நின்றுபோகும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஏரி லாரிகளுக்கு எதிரி மேடு பள்ளம் இல்லை, உப்பு. இறால் கூடையிலிருந்து ஐஸ் தண்ணீர் இரவு பகலாக அடியில் சொட்டும். அந்தத் தண்ணீர் முதலில் தின்பது ஹேண்ட் பிரேக் கேபிளை. நான் மாற்றிக் கொடுப்பேன், அடுத்த பருவத்துக்குள் அது அறுந்து தொங்கும். கடைசியில் எல்லா டிரைவர்களும் அதை மறந்தே போனார்கள். எங்கள் பக்கம் ஹேண்ட் பிரேக் என்றால் சீட்டுக்கு அடியில் கிடக்கிற ஒரு மரக்கட்டை. அதைச் சக்கரத்துக்குப் பின்னால் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவார்கள்.

இப்போது அன்றைக்கு நடந்ததற்கு வருகிறேன்.

யூசுப் பாய் பட்டணத்து ஆள். வீட்டில் உருது, வெளியில் மெட்ராஸ் தமிழ். லோடு ஏற்றுகிறவர்களுக்குத் தலைவர் சுப்பையா. எளாவூருக்கு அந்தப் பக்கம் எல்லை தாண்டிய தெலுங்கு மீனவக் குடும்பம். வலையை விட்டுவிட்டு லோடு வேலைக்கு வந்தவர். இரண்டு பேரும் பகலெல்லாம் ஒருவரை ஒருவர் கிண்டல் செய்துகொண்டு, மத்தியானம் ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். "நைனா, உன் தமிழு கேட்டா என் வண்டியே நின்னுபூடும்" என்பார் பாய். "உன் தமிழு மட்டும் இன்னா பாய், உப்பு போட்ட பாயசம்" என்பார் சுப்பையா. வண்டியைப் பின்னால் எடுக்கும்போதும் முன்னால் எடுக்கும்போதும் சைகை காட்டுவது கிளீனர் வேலை. சுப்பையா லோடோடு சரி. அன்றைக்குக் கிளீனர் தங்கச்சி கல்யாணத்துக்குப் போய்விட்டார்.

நான் அங்கே இருந்தது கார்புரேட்டரில் ஒரு சின்னத் தொந்தரவுக்காக. முகத்துவாரம் நன்றாகத் திறந்திருந்த சமயம். கடல் ஏறினால் ஏரியும் ஏறும். படகிலிருந்து நேராக வண்டிக்கு மாற்றுவதற்காக லாரியின் பின்பக்கத்தை ஏரித் தண்ணீர் ஓரத்துக்கே இறக்கியிருந்தார்கள். மூக்கு மேட்டைப் பார்த்து, வால் தண்ணீரைப் பார்த்து நின்றது. லோடு ஏறியபின் பின்சக்கரம் இரண்டும் சேற்றில் இறங்கிவிட்டன.

நிதானமாக இருந்திருந்தால் பாதி லோடை இறக்கிவிட்டு வண்டியை எடுத்திருப்பார்கள். அப்போது பார்த்து ஒருவன் சைக்கிளில் வந்து, ஆரம்பாக்கத்து வண்டி கிளம்பிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனான். மரைக்காயர் மேட்டில் நின்றுகொண்டு தொடையைத் தட்டினார். "எடுங்கப்பா, எடுங்க, அவன் மீஞ்சூரத் தாண்டப் போறான்!"

சுப்பையா ஒரு பனம்பலகையைத் தூக்கிக்கொண்டு டிரைவர் பக்கத்துப் பின்சக்கரத்துக்கு ஓடினார். சக்கரத்துக்கு முன்னால் பலகையைச் செருக வேண்டும். அதற்கு வண்டி ஒரு சாண் பின்னால் வர வேண்டும். "கொஞ்சம் பின்னால வுடு பாய்!" என்று கத்தினார். பாய் பிரேக்கை மெல்லத் தளர்த்தினார். வண்டி பின்னால் வந்தது. போதுமான இடம் கிடைத்தது. சுப்பையா பலகையைச் செருகி, குதிகாலால் அதை உள்ளே தள்ளிக்கொண்டே கத்தினார்.

"சாலு! சாலு!"

தம்பிகளா, உங்களில் தெலுங்கு தெரிந்தவர்களுக்கு இது புரிந்திருக்கும். தெலுங்கில் ‘சாலு’ என்றால் போதும். அங்கேயே நில் என்று அர்த்தம். பட்டணத்தில் உருது பேசுகிற டிரைவர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் ‘சாலு’ என்றால் ஓட்டம், கிளப்பு, எடு. நான் தொழில் கற்ற பட்டறையில் "சாலு பண்ணு" என்றால் இன்ஜினைக் கிளப்பு என்றுதான் பொருள். சொல் ஒன்று, உச்சரிப்பும் ஒன்று.

சுப்பையா சொன்னது போதும் என்று. பாய் கேட்டது எடு என்று.

பாய் எடுத்தார். வண்டி பாய்ந்தது. சக்கரம் பலகை மேல் ஏறியது, பலகை சரிந்தது, சுப்பையாவின் கால் வழுக்கிப் பலகைக்கு அடியில் போனது. அவர் மல்லாந்து சக்கரத்துக்குப் பின்பக்கம் விழுந்தார். அவர் போட்ட சத்தத்தில் பாய் பிரேக்கை மிதித்தார். வண்டி பலகை மேலேயே நின்றுவிட்டது.

நான் ஓடிப்போய்க் குனிந்து பார்த்தேன். பார்த்ததை உங்களுக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும், மற்றதெல்லாம் அதிலிருந்து வருவதுதான். முழங்காலுக்குக் கீழே கால் பலகைக்கு அடியில். பலகை மேல் சக்கரம். உடம்பு சக்கரத்துக்குப் பின்னால், தலை தண்ணீர்ப் பக்கம். கீழே சேறு இருந்ததால் கால் நசுங்காமல் அமுங்கிக் கிடந்தது. வண்டி ஒரு முழம் பின்னால் உருண்டால் ஆள் காலி. முன்னால் போனால் பலகை விடுபடும், கால் வெளியே வரும். ஆனால் முன்னால் போகும்போது சக்கரம் வழுக்கிச் சுழன்றால் பலகை பின்னால் சீறி அவர் வயிற்றில் பாயும். ஏரி வேறு ஏறிக்கொண்டிருந்தது. தண்ணீர் அவர் காதைத் தொட்டது.

ஊரறிந்த மெக்கானிக், நாற்பது வயது ஆள், முதலில் எதில் கை வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அதை ஏன் மறைக்க வேண்டும்.

நல்லவேளையாக ஜனத்துக்குக் குறைவில்லை. அதுவே பெரிய தொல்லையும் ஆனது. ஒருவன் ஜாக்கி எடுத்துக்கொண்டு வந்தான். அந்தச் சேற்றில் ஜாக்கி வைத்தால் வண்டி ஏறாது, ஜாக்கிதான் இறங்கும். இன்னொருவன் சக்கரத்துக்கு அடியில் மண்ணைத் தோண்டு என்றான். தோண்டினால் சக்கரமும் கூடவே இறங்கும். மரக்கட்டையைச் சக்கரத்துக்குப் பின்னால் போட்டோம், சேறு அதையும் விழுங்கிவிட்டது. ஆபத்து என்று வந்துவிட்டால் எங்கள் பக்கம் ஆளுக்கொரு மெக்கானிக்.

அதற்குள் மேட்டிலிருந்து இறங்கி வந்த சுப்பையாவின் சொந்தக்காரர்கள் டிரைவர் கதவைப் பிடித்துவிட்டார்கள்.

"போதும் போதும்னு கத்றான், இவன் வோணும்னே வுட்டு ஏத்றான்யா!"

"எறக்குடா அவன! ஒதைடா!"

யூசுப் பாய் முகம் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தார். "சாலுன்னான்… சாலுன்னு சொன்னான்யா… அதான் எடுத்தேன்…" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். ஒரு ஆள் கதவைத் திறந்து அவர் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தான்.

எனக்கு அந்த நொடியில் கண்ணில் பட்டது ஒன்றே ஒன்று. பாயின் வலது கால். அது பிரேக் மேல் இருந்தது. ஹேண்ட் பிரேக் அறுந்த வண்டி. கட்டையைச் சேறு விழுங்கியாகிவிட்டது. அந்த லோடு லாரியை மேட்டில் பிடித்து நிறுத்தியிருந்தது அந்த ஒரு கால்தான். அவரைக் கீழே இழுத்துப் போட்டால், இவர்கள் யாருக்காகச் சண்டை போடுகிறார்களோ அவர் மேலேயே வண்டி ஏறும்.

ஃபுட்போர்டில் தாவி ஏறினேன். கையில் இருந்த ஸ்பானரைக் கதவில் ஓங்கி அடித்தேன்.

"அவன் கால எடுத்தா சுப்பையா செத்தான்! கைய எடுங்கடா! பிரேக்கு மேல கீது அவன் காலு, பிரேக்கு மேல!"

இப்படி நான் கத்தியது என் ஆயுசில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. சட்டையைப் பிடித்த கை விட்டது. ஆனால் கோபம் போகவில்லை. தம்பிகளா, கோபத்தில் இருக்கிற நாற்பது பேரிடம் அமைதியாக இருங்கள் என்று சொல்லாதீர்கள். அது எரிகிற அடுப்பில் எண்ணெய். அவர்கள் கைக்கு ஒரு வேலை கொடுங்கள். "கரைவலைக் கயிறு எடுத்தாங்க! முன்பக்கம் பம்பர்ல கட்டுங்க! எல்லாரும் மேட்டுல நின்னு புடிங்க! இழுக்காதீங்க, வண்டி பின்னால வராம புடிச்சா போதும்!" என்றேன். வலை இழுத்துக் காய்த்த கைகள். கண்மூடித் திறப்பதற்குள் கயிறு கட்டி, கால் ஊன்றி, வரிசையாகப் பிடித்துவிட்டார்கள். சட்டையைப் பிடித்து இழுத்தவன்தான் கயிற்றில் முதல் ஆள்.

திரும்பிப் பார்த்தேன். மரைக்காயர் எப்போது இறங்கினார் என்று தெரியவில்லை. வெள்ளைச் சட்டையோடு சேற்றில் உட்கார்ந்து சுப்பையாவின் தலையைத் தன் மடியில் தூக்கி வைத்திருந்தார். தண்ணீர் அவர் இடுப்பில் இருந்தது. "எறா போனா போவுது மேஸ்திரி. எல்லாத்தையும் தூக்கி ஏரில போடு. ஆளு வோணும்" என்றார். லோடை இறக்க நேரமில்லை. தண்ணீர் சொன்னது அது.

இப்போது வண்டியை யார் எடுப்பது?

கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் ஒரே குரலில், "அவன் வாணாம், நீ எடு மேஸ்திரி" என்றார்கள். பாயும் அதையேதான் சொன்னார். அவர் பல் கிட்டியிருந்தது. "என்னால ஆவாது. நீங்க ஒக்காருங்க. என் காலு மேல உங்க காலு வெச்சி மாத்திக்கங்க."

என்னை ஊர் நம்பியது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு ஒரு கணக்குத் தெரியும். நாலு தரத்தில் ஒருதரம் இன்ஜின் நின்றுபோகும் என் கையில். நின்றால் கயிறு தாங்குமோ தாங்காதோ. அந்த வண்டியை ஒரு சாண் ஊர வைக்கத் தெரிந்தவர் அந்தக் கரையில் ஒருவர்தான். அவரோ உடைந்துபோயிருந்தார். உடைந்த ஆளின் நல்ல காலா, திடமான ஆளின் அரைகுறைக் காலா? இதற்கு எந்தப் புத்தகத்திலும் பதில் கிடையாது.

பதில் வண்டிக்கு அடியிலிருந்து வந்தது.

"லேது மேஸ்திரி, லேது. பாய்தான் எடுக்கணும்." சுப்பையாவின் குரல் தேய்ந்து வந்தது. "அவரு மேல தப்பு இல்ல. நான்தான் சாலுன்னேன். எங்க பாஷைல போதும்னு. அவரு பாஷைல இன்னான்னு எனக்கு இன்னா தெரியும்? ரெண்டு வருஷமா ஒண்ணா தின்றோம், இத கேட்டுக்கல பாரு."

பாய் கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கையை எடுத்தார், மறுபடி ஸ்டியரிங்கில் வைத்தார்.

"நைனா, நீ இன்னா சொன்னாலும் எனக்கு பயமா கீது. நீ கத்துனா நான் தப்பா கேட்ருவேன்" என்றார்.

"அப்ப கத்தல. வாயே வாணாம்." சுப்பையா கையை நீட்டினார். "ஒரு சின்னக் கயிறு குடுங்க. நீளமா. ஒரு முனை எனக்கு, ஒரு முனை பாய் கையில கட்டுங்க. கரைவலை இழுக்க சொல்ல அந்தாண்ட முனைல கீறவன்கூட எப்டி பேசுவோம்? காத்துல கேக்காதே. கயிறு சும்மா கெடந்தா போய்க்கினே இரு. சுண்டுனா நில்லு. அவ்ளோதான்."

யாரோ ஒரு சுருள் நைலான் கயிறு கொண்டுவந்தார்கள். ஒரு முனையைச் சுப்பையாவின் உள்ளங்கையில் சுற்றினோம். மறுமுனையை ஜன்னல் வழியாகக் கொண்டுபோய்ப் பாயின் முழங்கைக்கு மேலே கட்டினேன். கட்டும்போது அவர் தோல் ஜில்லென்று இருந்தது. சுப்பையா ஒருதரம் சுண்டிப் பார்த்தார். பாய் தலையாட்டினார்.

நான் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னேன். "இனிமே யாரும் வாயத் தொறக்கக் கூடாது. நான் உள்பட. பாய், யாரு இன்னா கத்துனாலும் காதுல வாங்காத. கயிறு மட்டுந்தான்."

இதைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது. வண்டிக்கு அடியில் ஒரு ஆள் இருக்கும்போது மேலே நிற்கிறவன் முதலாளியாக இருக்கலாம், மேஸ்திரியாக இருக்கலாம், நாற்பது வருஷ அனுபவசாலியாக இருக்கலாம். அதிகாரம் அடியில் இருப்பவனுக்கு. என்ன சைகை என்று அவன் சொல்ல வேண்டும், மேலே இருப்பவன் திருப்பிச் சொல்ல வேண்டும், அப்புறம்தான் சாவியில் கை. கிளீனர் மாறினாலும் டிரைவர் மாறினாலும் புதிதாகப் பேசி வையுங்கள். பழக்கம் இருக்கிறதே என்று விடாதீர்கள். இவர்கள் இரண்டு பேருக்கும் இல்லாத பழக்கமா?

பாய் கியரைப் போட்டார். கண்ணை மூடிக்கொண்டார். நான் ஃபுட்போர்டில் நின்று அவர் கால்களை மட்டும் பார்த்தேன். கிளட்ச் மேலே வந்தது தெரியவே இல்லை. இன்ஜின் சத்தம் ஒருமுறை இறங்கியது, நிற்கப் போகிறது என்று நினைத்தேன், அவர் வலது பெருவிரல் ஆக்சிலேட்டரை ஒரு இழை அழுத்தியது, சத்தம் மறுபடி ஏறியது. வண்டி அசைந்தது. சக்கரம் வழுக்கிச் சுழலவில்லை. பலகை முனகியது. ஊர்ந்தது. முன்பக்கம் நாற்பது பேர் கயிற்றைத் தளரவிடாமல் ஒரு அடி பின்வாங்கினார்கள். இன்னொரு அடி.

பலகை சேற்றிலிருந்து விடுபட்ட சத்தம் கேட்டது. மரைக்காயர் சுப்பையாவை அக்குளில் கை கொடுத்துப் பின்னால் இழுத்தார். கால் வந்துவிட்டது. ஒரு எலும்பு முறிந்திருந்தது. பொன்னேரி ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டார்கள், அடுத்த மழைக்காலத்துக்குள் கொஞ்சம் சாய்ந்து சாய்ந்து நடந்து லோடுக்கு வந்துவிட்டார். அது பிற்பாடு. அந்த நேரத்தில் எங்களுக்குத் தெரிந்தது கால் இருக்கிறது, ஆள் இருக்கிறார் என்பதுதான். கரையே ஓவென்று கத்தியது. வாயைத் திறக்கக் கூடாது என்று சொன்ன நான்தான் முதலில் கத்தினேன்.

"வந்துட்டான்! வந்துட்டான்! நிறுத்து பாய்!"

வண்டி நிற்கவில்லை.

மேட்டில் ஏறி ஊர்ந்துகொண்டே போனது. கயிற்றைப் பிடித்தவர்கள் அதைப் போட்டுவிட்டு இரண்டு பக்கமும் விலகி ஓடினார்கள். "போதும்யா! நிறுத்துய்யா!" என்று வண்டியோடு கூடவே ஓடிக் கத்தினார்கள். நான் ஃபுட்போர்டிலிருந்து பாயின் தோளைப் பிடித்து உலுக்கினேன். "பாய், ஆளு வெளிய வந்தாச்சி. நிறுத்து."

அவர் கண்ணைத் திறக்கவில்லை. கன்னத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"கயிறு சுண்டல மேஸ்திரி" என்றார்.

கருவாடு காயப்போட்ட இடத்தைத் தாண்டி, வலை பின்னுகிற மணலைத் தாண்டி, வண்டி அதே ஊர்தலில் ரோட்டுப் பக்கம் போனது. நைலான் கயிறு சுருள் சுருளாக அவிழ்ந்துகொண்டே பின்னால் வந்தது. எனக்கு வேறு வழி தெரியவில்லை. குதித்து ஏரியைப் பார்த்து ஓடினேன்.

சுப்பையாவைச் சேற்றிலிருந்து தூக்கிக் காய்ந்த மணலில் கிடத்தியிருந்தார்கள். பாதி மயக்கம். மரைக்காயர் அவர் வாயில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். கயிற்றின் முனை இன்னும் அவர் உள்ளங்கையில் சுற்றியிருந்தது. அதைச் சுண்ட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, அவருக்குந்தான்.

"சுப்பையா, பாய் நிறுத்த மாட்றாரு. உன் கயிறு வந்தாத்தான் நிப்பாராம்" என்றேன். மூச்சு வாங்கியது எனக்கு.

சுப்பையா கண்ணைத் திறந்து மேட்டைப் பார்த்தார். லாரியின் முதுகு பனை மரங்களுக்கு நடுவில் மெல்ல மெல்லச் சின்னதாகிக்கொண்டிருந்தது. அவர் சிரிக்கப் பார்த்தார், வலியில் அது அழுகையாக வந்தது. கையைத் தூக்கினார். விரலில் தெம்பில்லை. மரைக்காயர் உதவிக்குக் கையை நீட்டினார், சுப்பையா தலையசைத்து மறுத்துவிட்டார். சுருள் தீர்ந்து நேராகிவிட்ட கயிற்றைத் தன் மணிக்கட்டில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, தானே ஒருதரம் சுண்டினார்.

வண்டி நின்றது.